தானாக ஏறிய கைப்பிடி

ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்றியவள் என்ற பெயர் எனக்கு எட்டு வயதிலேயே கிடைத்துவிட்டது. அதற்காக நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல் ஓடிப்போய் ஒரு பெருமையடித்தேன், அவ்வளவுதான். எந்த வாய்க்காக வீட்டில் தினமும் திட்டு வாங்கினேனோ, அதே வாய்க்காக அன்றைக்கு எனக்கு மட்டும் தனியாக ஒரு தட்டுக் கேசரி வந்தது.

அந்தக் கார்த்திகையில் அடித்த புயலில் எங்கள் பக்கம் நிமிர்ந்து நின்ற மின்கம்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வீடு இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், தெருவின் மேற்குக் கடைசி. அதற்கப்புறம் தென்னந்தோப்பு, தோப்புக்கு அப்புறம் வயல், வயலுக்கு அப்புறம் மலை. மழையும் காற்றும் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் விடிந்து கதவைத் திறந்தபோது, தோப்பில் பாதி மரங்கள் படுத்திருந்தன. குற்றால அருவி, முன்னால் நிற்கும் ஆர்ச் வளைவையே மறைத்துக்கொண்டு செம்மண் நிறத்தில் விழுவதாகப் பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் கிடையாது, டியூஷன் கிடையாது. எனக்கு அது புயலாகவே தெரியவில்லை, அரசாங்கம் தனியாக எனக்கென்று விட்ட லீவாகத்தான் தெரிந்தது.

ஆறு நாள் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் பெரியம்மாவும் அம்மாவும் கிணற்றில் வாளி போட்டு இறைத்தார்கள். மிக்ஸி இல்லாமல் அம்மியைக் கழுவி எடுத்தார்கள். பெரியப்பா மட்டும் வழக்கம்போலச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே வீடுதான். அவர் சொல்தான் அங்கே சட்டம். ஒரு காலத்தில் வயலும் தோப்பும் நிறைய இருந்த குடும்பம். வயலும் தோப்பும் குறைந்தபோது சட்டம் குறையவில்லை.

ஏழாம் நாள்தான் சிக்கல். அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கடையத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அக்கா என்பது பெரியப்பாவின் ஒரே மகள். மாப்பிள்ளைக்கு லீவு முடிகிறது, அதனால் புயலோ பூகம்பமோ வருவோம் என்று அவர்கள் பைக்கில் ஆளனுப்பிச் சொல்லிவிட்டார்கள். வானம் அன்றைக்கும் இறங்கித்தான் கிடந்தது. பகல் பதினொரு மணிக்கே ஹாலில் ஆள் முகம் தெரியாது.

"இருட்டு வீட்டுல பொண்ணக் காட்டுனா என்ன நினைப்பாங்க? நிறத்த மறைக்கதுக்குத்தான் லைட்டப் போடலன்னு சொல்லிருவாங்கல்லா" என்றார் பெரியப்பா.

"ஊருக்கே கரண்ட் இல்ல, அவங்களுக்குத் தெரியாதாக்கும்" என்றாள் பெரியம்மா.

"அவங்களுக்குத் தெரியும். அவங்க கூட வார பொம்பளைகளுக்குத் தெரியுமா?"

அக்கா அடுக்களையில் நின்று என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கு அந்தக் கடையத்து இடம் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் போட்டோவைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருந்தாள்.

இதற்குள் தெருவுக்கு மின்வாரிய லைன்காரர்கள் வந்து இரண்டு நாளாகியிருந்தது. உள்ளூர் ஆட்கள் போதாமல் வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் லாரியில் ஆட்களை இறக்கியிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு வாய்த்தவர்கள் ஈரோட்டுக்காரர்கள் மூன்று பேர். அதில் மூத்தவரை நாங்கள் பிள்ளைகளெல்லாம் ஈரோட்டு மாமா என்று கூப்பிட்டோம். ஒல்லியான ஆள், தலையில் மஞ்சள் தொப்பி, தோளில் ஒரு துண்டு, இடுப்பில் தொங்கும் ஒரு ரெக்சின் பை. அவர் வாயைத் திறந்தாலே எங்களுக்குச் சிரிப்பு வரும். எல்லாவற்றிலும் ஒரு 'ங்க' இருக்கும். எங்களைக்கூடக் 'கண்ணு' என்பார். எங்கள் ஊரில் பிள்ளைகளை அப்படியெல்லாம் கொஞ்சிக் கெடுப்பது கிடையாது. 'ஏட்டி'தான்.

தெருவே அவர்களுக்குச் சோறு போட்டது. காலை ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டார்கள். முறை வந்த வீட்டுக்காரர்கள் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தார்கள், அவியல் வைத்தார்கள். நன்றாகப் போட்டால் தங்கள் வீட்டுக் கம்பியை முதலில் கட்டுவார்கள் என்ற கணக்கு. இரண்டாம் வீட்டில் போட்ட சொதிக்கு மூன்று பேரும் வேப்பமரத்தடியில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டதில், அடுத்த வீட்டுக்காரர்கள் வெறும் ரசத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த ரெக்சின் பைதான் எனக்கு ஆச்சரியம். முதல் நாளே அதற்குள் என்ன என்று கேட்டுவிட்டேன். அவர் திறந்து காட்டினார். உள்ளே மூன்று வெள்ளைப் பீங்கான் கட்டைகள், ஒவ்வொன்றும் சோப்பு டப்பா அளவு.

"இது டிரான்ஸ்பார்மர் பீசு, கண்ணு. கழட்டிட்டுத்தான் நான் கம்பத்துல ஏறுவேன். இது என்ற பையில இருக்கற வரைக்கும் உங்க தெருவுல கரண்ட் வராது. நானா பாத்துப் போட்டாத்தான் உண்டு."

எங்கள் தெருவின் மொத்தக் கரண்டையும் ஒரு ஆள் இடுப்பில் கட்டிக்கொண்டு அலைகிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏழாம் நாள் காலையில் அவர் வீடு வீடாக வந்து, "மெயினை எறக்கி வெச்சிருங்க. நாஞ் சொல்ற வரைக்கும் யாரும் ஏத்தக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டு மெயின், நடைச் சுவரில் உயரத்தில் இருந்தது. கறுப்பு இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. மேலே தள்ளினால் கரண்ட், கீழே இழுத்தால் இல்லை. பெரியப்பா எழுந்து போய்த் தன் கையால் அதை இறக்கினார். பிறகு ஈரோட்டு மாமா, எங்கள் வீட்டுக்கு வரும் கம்பி அறுந்து கிடந்த தோப்புப் பக்கம் போனார். "மூணு மணிக்குள்ள குடுத்தர்றேனுங்க" என்றார்.

பெரியப்பா மூன்று மணியை நம்பவில்லை. பத்தரை மணிக்கு மைக்செட்காரரைக் கூட்டிவந்துவிட்டார். ஊர்க் கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான் மைக் கட்டுவார். ஜெனரேட்டர் அவரிடம்தான் இருந்தது. தள்ளுவண்டியில் அதைக் கொண்டுவந்து பின்வாசலில் இறக்கினார். யாரும் கேட்காமலே கூடவே ஒரு குழாய் ஸ்பீக்கரும் கொண்டுவந்திருந்தார். விசேஷ வீடு என்று கேள்விப்பட்டால் பாட்டு இல்லாமல் வர அவருக்கு மனம் வராது.

நல்ல வேலைக்காரர். வந்ததும் முதலில் நடைக்குப் போய் மெயினை அண்ணாந்து பார்த்தார். "மெயின் எறங்கி இருக்கு அண்ணாச்சி, பாத்துட்டேன்" என்று பெரியப்பாவிடம் சொன்னார். பிறகு ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயரை இழுத்துவந்து ஹாலில் இருந்த பிளக்கில் செருகினார். மறுபடி பின்வாசலுக்குப் போய்க் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பில் இருமியது. இரண்டாவதில் தும்மியது. மூன்றாவதில் வீடே அதிரப் பிடித்துக்கொண்டது.

எல்லோரும் ஹாலில் நின்று ட்யூப் லைட்டைப் பார்த்தோம். பெரியப்பா, பெரியம்மா, அம்மா, தலையில் பாதி பூ வைத்த அக்கா. எரியவில்லை. மைக்செட்காரர் பின்வாசலிலிருந்து, "பொறுங்க அண்ணாச்சி, சுவிட்ச இன்னும் போடல" என்று கத்தியது ஜெனரேட்டர் சத்தத்தில் யார் காதிலும் சரியாக விழவில்லை. என் காதில் நிச்சயமாக விழவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. நடைக்கு ஓடினேன். மெயின் கைப்பிடி கீழே கிடந்தது. அடடா, இதைப் போடாமல் எப்படி எரியும், இந்தப் பெரியவர்களுக்கு இதுகூடவா தெரியாது என்று நினைத்தேன். அடுக்களை ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினேன். காலையிலிருந்து தோப்பில் அலைந்த கால், கணுக்கால் வரை செம்மண். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, பல்லைக் கடித்து, எம்பித் தள்ளினேன். டக்கென்று ஏறியது.

அதே நொடியில் ஹாலில் ட்யூப் லைட் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. மின்விசிறி சுற்றியது. அக்கா கைதட்டினாள்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை. நான் போட்டேன், எரிந்துவிட்டது. ஸ்டூலிலிருந்து குதித்தேன். இதை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். யாரிடம் சொல்வது என்று யோசிக்கவே தேவையில்லை. தன் பையில்தான் எங்கள் கரண்ட் இருக்கிறது என்று பீற்றிக்கொண்ட அந்த மனிதரிடம்தான்.

முன்வாசல் வழியாக ஓட்டமெடுத்தேன். விழுந்து கிடந்த தென்னையைத் தாண்டிக் குதித்தேன். மட்டைகளில் கால் இடறியது. தோப்பின் அந்தக் கடைசியில் மரம் அறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் எங்கள் ஜெனரேட்டர் சத்தம் அங்கே யாருக்கும் கேட்டிருக்காது. கம்பத்தடியில் எங்கள் வீட்டு டம்ளர்கள் மூன்றும் காலியாகக் கவிழ்ந்திருந்தன. அம்மா கொடுத்தனுப்பிய டீயைக் குடித்துவிட்டு அவர் அப்போதுதான் மறுபடி ஏறியிருந்தார். கயிற்றுப் பட்டையை இடுப்போடு கம்பத்தில் சுற்றிக் கட்டிவிட்டு, எங்கள் வீட்டுப் பக்கத்துக் கம்பியைப் பிடிக்க வலது கையை நீட்டிக்கொண்டிருந்தார். கை உறையைக் கழற்றி வாயில் கவ்வியிருந்தார்.

"ஈரோட்டு மாமா, நீங்க இன்னும் மேலயே இருங்க. எங்க வீட்ல கரண்ட் வந்துட்டு" என்று கத்தினேன்.

அவர் குனிந்து சிரித்தார். உறையை வாயிலிருந்து எடுத்தார். "எப்படிக் கண்ணு வரும்? பீசு மூணும் என்ற பையிலயல்ல இருக்குது" என்றார்.

"வந்துட்டு. ட்யூப் லைட் எரியுது. பேன் சுத்துது. நீங்க வேணும்னா வந்து பாருங்க."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. நீட்டிய கை கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அந்தக் கையை அவர் இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. முதலில் அதைப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஏதோ தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடாமல் எடுப்பதுபோல, பின்னால் கொண்டுவந்தார். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் கம்பியில் வைத்தார். அதற்குள் சிவப்பாக எரிந்ததாகப் பின்னால் சொன்னார்கள். கீழேயிருந்த எனக்கு அது தெரியவில்லை. அவர் முகம்தான் தெரிந்தது. எனக்கு வந்த பெருமையெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை, அழுகை வந்தது.

"ஜெனரேட்டர நிறுத்தச் சொல்லுடா" என்று அவர் போட்ட சத்தத்தில் கூட இருந்த இரண்டு பேரும் எங்கள் வீட்டைப் பார்த்து ஓடினார்கள்.

அவர் இறங்கி வருவதற்குள் எங்கள் வீட்டில் பாதித் தெரு கூடிவிட்டது. மெயின் இறங்கியிருந்தால் ஜெனரேட்டர் கரண்ட் வீட்டோடு நின்றுவிடும், ஏறியிருந்தால் தெருக் கம்பிக்கு எதிர்ப்பக்கமாக ஏறிவிடும் என்று ஓடிவந்த லைன்காரர்களில் ஒருவர் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பெரியப்பா மைக்செட்காரரின் சட்டையைப் பிடித்திருந்தார்.

"எறங்கி இருக்குன்னு சொன்னியேலே. எறங்கியா இருக்கு அது?"

"திருமலை முருகன் சத்தியமா எறங்கித்தான் இருந்துச்சு அண்ணாச்சி. நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

"பாத்தியாம்லா. ஒரு மனுசன் போயிருப்பான்லே. எம் மகளப் பொண்ணு பாக்க வார அன்னைக்கு இந்த வாசல்ல பொணம் கெடந்திருக்கும்லே."

மைக்செட்காரர் அழுதுவிட்டார். மீசை வைத்த பெரிய ஆள் அழுவதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் அந்தச் சத்தத்தில் நான் எதையும் சேர்த்து யோசிக்கும் நிலையில் இல்லை. அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

ஈரோட்டு மாமா உள்ளே வந்தார். கூட்டம் விலகியது. யாரையோ அடிக்கப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் கண் அப்படி இருந்தது. நேராக நடைக்குப் போனார். மெயினை அண்ணாந்து பார்த்தார், அதன் கீழே கிடந்த ஸ்டூலைக் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பி, அம்மாவின் முந்தானைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்களைப் பார்த்தார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். ஸ்டூலை நன்றாக, மூலைகூட விடாமல் துடைத்தார். அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார். ஒரு செம்புத் தண்ணீரையும் மூச்சு விடாமல் குடித்தார்.

பிறகு எழுந்து கைப்பிடியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார்.

"அவர விடுங்க, பெரியவரே" என்றார் பெரியப்பாவிடம். "அவரு சொல்றது நெசந்தான். ஹேண்டில் பழசாப் போச்சுங்க, உள்ள ஸ்பிரிங் போயிருச்சு. ஜெனரேட்டர் அதிர்ச்சிக்குத் தானா மேல ஏறியிருக்குது. யாரைச் சொல்லியும் குத்தமில்லீங்க."

மைக்செட்காரர் வாயைப் பிளந்து அவரைப் பார்த்தார். பிறகு ஸ்டூலைப் பார்த்தார். பெரியப்பா சட்டையை விட்டார். ஈரோட்டு மாமா பையிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்து, இறக்கிய கைப்பிடியைப் பெட்டியோடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினார்.

"இந்தப் புள்ள ஓடி வந்து சொல்லலீன்னா நான் இல்லீங்க" என்றார் எல்லோரும் கேட்க. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பெரியம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். பெரியப்பா, என் தலையில் அதுவரை குட்டுவதற்கு மட்டுமே கை வைத்தவர், அன்று தடவிக்கொடுத்தார்.

வெளியே போகும்போது ஈரோட்டு மாமா என் பக்கத்தில் ஒரு நொடி நின்றார். "நல்லா ஓடற கண்ணு. ஸ்டூல்ல மட்டும் ஏறிராத. வழுக்கும்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன்.

ஈரோட்டு மாமா சொன்ன சொல் தவறவில்லை. வேலை முடிந்ததும் அவரே வந்து ஜெனரேட்டர் வயரைப் பிடுங்கச் சொல்லி, முறுக்கிய கம்பியை வெட்டி எங்கள் மெயினை ஏற்றிவிட்டு, மற்ற வீடுகளிலும் ஏற்றச் சொன்னார். மூன்று மணிக்குச் சற்று முன்னால் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் ரேஷன் கடைப் பக்கம் டிரான்ஸ்பார்மர் அடியில் கூடிவிட்டோம். அவர் பையிலிருந்து ஒவ்வொரு கட்டையாக எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நாங்கள் கத்தினோம். மூன்றாவது கட்டை உள்ளே போனதும் ஆறு நாள் ஊமையாகக் கிடந்த தெரு ஒரேயடியாக வாய் திறந்தது. அணைக்காமல் விட்ட டிவிகள், மிக்ஸிகள், மோட்டார்கள், யார் வீட்டிலோ ஒரு மாவு கிரைண்டர். எங்கள் வீட்டிலிருந்து குழாய் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு. சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு மணி நேரம் முன்கூட்டியே தெருவுக்குள் நுழைந்த கடையத்து வேன் அந்தச் சத்தத்தில் பிரேக் போட்டு நின்றுவிட்டது. தங்களை வரவேற்கத்தான் இத்தனை ஏற்பாடும் என்று நினைத்த மாப்பிள்ளையின் அம்மா, இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினார். அக்கா ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். இடம் அன்றைக்கே முடிவானது.

லைன்காரர்கள் மறுநாள் காலையில் வீரகேரளம்புதூர்ப் பக்கம் போய்விட்டார்கள். நான் போய்ப் பார்ப்பதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு அக்கா கல்யாணம் முதல் அவள் பிள்ளைக்குக் காது குத்தியது வரை எங்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் இந்தக் கதை வரும். நானும் கூச்சமில்லாமல் உட்கார்ந்து கேட்பேன். உறுத்தியதை நான் அன்றைக்கே தீர்த்துவைத்துவிட்டேன். ஹேண்டில் தானாக ஏறியது என்று கரண்ட் படித்தவரே சொல்லிவிட்டார். அப்படியானால், எப்படியும் அது ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கும், என் கை சும்மா அதனோடு போயிருக்கிறது. இதில் நான் யாரிடம் என்ன சொல்ல இருக்கிறது? மைக்செட்காரரும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வயரைத் தொடும்போதெல்லாம் என்னைத் தேடிப் பிடித்து, "மெயின எறக்கிட்டேன் தாயி. நீயும் ஒரு தடவ பாத்துக்கோ. எறங்கியே இருக்கட்டும், என்ன?" என்பார். உயிர் காத்த பிள்ளைக்குக் கொடுக்கும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த வருடம் அந்த வீட்டுக்கு வயரிங் புதிதாக மாற்றினார்கள். நான் லீவில் போயிருந்தேன். எலக்ட்ரீஷியன் பழைய மெயின் பெட்டியைக் கழற்றி, பழைய இரும்புக்குப் போடுவதற்காக நடையில் வைத்திருந்தார். கைப்பிடியில் அந்த நாலு சுற்றுக் கம்பியில் ஒரு துண்டு துருப்பிடித்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்ததும் ஆசையாக இருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கைப்பிடியை ஒரு விரலால் மேலே தள்ளினேன். அசையவில்லை. நாலு விரலால் தள்ளினேன். கடைசியில் இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துத் தள்ள வேண்டியிருந்தது. டக்கென்று ஏறியது.

"ஸ்பிரிங் எப்படி இருக்கு பாத்தீங்களா? அந்தக் காலத்துச் சாமான்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"இது தானா மேல ஏறுமா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தானா எப்படிக்கா ஏறும்?"

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அது இருந்த இடத்தைச் சுவரில் அண்ணாந்து பார்த்தேன்.

கல்லூரி விடுதியில் என்னோடு மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவள் ஈரோட்டுக்காரி. அவள் எங்கே இடம் கிடைத்தாலும் அப்படியே பொத்தென்று உட்காருவாள். "நீங்க துடைச்சிட்டுத்தான உக்காருவீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஈரோட்டுக்காரர்கள் எங்கே உட்கார்ந்தாலும் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள் என்று நான் அத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஸ்டூலில் இருந்தவை என் இரண்டு செம்மண் காலடிகள். அவற்றைத் துடைத்துவிட்டு அவர் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.